சல்லடையைப் பிடித்த இரண்டு பேர்

எங்கள் வடுகபட்டியைச் சுற்றி இன்னும் நாலைந்து வீடுகளில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய பைக்குகளின் துருவையும் பெயிண்டையும் எடுக்க வீட்டிலேயே மணல் அடிக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தியாவது இதைப் படிக்க மாட்டாளா என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மகளிர் குழுவுக்கு எட்டு வருடம் தீர்மானம் எழுதிய கை என்பதால் எழுத்து வரும். உட்கார்ந்து எழுதுவதுதான் சிரமம். பத்து வரிக்கு ஒரு முறை நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

என் பெயர் செல்வி. வயது நாற்பத்து மூன்று. என் வீட்டுக்காரர் பாண்டியன் மெக்கானிக். கொரோனா காலத்தில் கடையை மூடச் சொன்னபோது வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பழைய பைக் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் புதிதாக்கினார். அதை ஒருவர் பார்த்தார், அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். கம்பத்துக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்தெல்லாம் டேங்க், மட்கார்டு, ரிம் என்று சாக்கில் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அவருக்குத் தோள் இறங்கிவிட்டது. அப்போதுதான் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, கம்ப்ரசர் காற்றோடு மணலைக் கலந்து இரும்பின் மேல் பீய்ச்சி அடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். இரண்டு நாள் தேய்க்கிற டேங்க் இருபது நிமிடத்தில் வெள்ளி மாதிரி வெளியே வரும். எனக்கும் அதைப் பார்க்கப் பெருமைதான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

மணல்தான் பிரச்சினை. இந்தக் காலத்தில் ஆற்று மணல் குதிரைக் கொம்பு. என் கொழுந்தனார் வீடு கட்டி மிச்சம் வைத்திருந்த ஒரு குவியல்தான் எங்களுக்கு இருந்த முதல். ஆகவே அடித்த மணலை வீணாக்காமல் கூட்டி அள்ளி, சலித்து, துருவும் பெயிண்டுச் செதிலும் நீக்கி, மறுபடி அடிப்போம். ஒரே மணலை ஆறு தடவை, ஏழு தடவைகூடப் பயன்படுத்தியிருக்கிறோம். குடும்பப் பெண் என்றால் சிக்கனம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்திருந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நான் அவளைப் பஞ்சு என்பேன். எங்கள் ஊர்ப் பூண்டு மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கி வந்து வீட்டு முன்னால் கொட்டி, தாளறுத்து, தரம் பிரித்துத் தருவது அவள் வேலை. மணல் அடிக்கத் தொடங்கிய முதல் வாரமே சண்டைக்கு வந்துவிட்டாள்.

“ஏண்ணே, பூண்டு பூராம் மண்ணப்பிக் கெடக்குது. யாவாரி பாத்தாகன்னா மூட்டையத் தூக்கி என் மூஞ்சிலயே எறிவாக. ஒங்க வேலைய நீங்க பாருங்க, அதுக்காக எம் பொழப்புல மண்ணப் போடுவீகளா?”

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு மதியமே பெரியகுளம் போய்த் தார்ப்பாய் வாங்கி வந்து, கொல்லையில் மணல் அடிக்கிற சாய்ப்புக் கொட்டகையை நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினார். தூசி ஒரு பொட்டு வெளியே வராது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது என்ற நல்ல எண்ணம். பஞ்சுவுக்குச் சங்கடமாகிவிட்டது. “நான் ஒரு வார்த்த சொன்னதுக்கு அண்ணன் இம்புட்டுச் செலவழிச்சுட்டாகளே” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். அந்தச் சங்கடத்தில்தான் மறுநாள் சல்லடை பிடிக்க வந்தாள்.

பெரிய சல்லடை அது. விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். வெளியே வைத்துச் சலித்தால் காற்றில் பறந்து பூண்டில் படியும் என்பதால் தார்ப்பாய்க்கு உள்ளேயே சலித்தோம். வாரத்தில் மூன்று நாள், காலை வேலை முடிந்து பதினொரு மணி வாக்கில். பதிலுக்கு நான் அவளோடு உட்கார்ந்து பூண்டுத் தாள் அறுப்பேன். சம்பளமும் இல்லை, கணக்கும் இல்லை. ஊர்க்கதை, சீரியல் கதை, அவள் மாமியார் கதை எல்லாம் அந்தச் சல்லடைக்கு மேலேதான் பேசித் தீர்த்தோம். வெளியே வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாகி இரண்டு பேரும் கிழவிகளாக இருப்போம். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரிப்போம்.

அடியில் தங்குகிற மாவு மாதிரியான பொடியை அவள் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போவாள். குத்துவிளக்கு தேய்க்க அதைப் போல வராது என்பாள்.

என் வீட்டுக்காரர் மணல் அடிக்கும்போது போட்டுக்கொள்ள, முகத்தை முழுக்க மூடும் ஒரு கவசத்தைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்திருந்தார். குழாய் வழியாக அதற்குள் வெளிக்காற்று வரும். எங்களுக்கு முந்தானை. “மூக்க நல்லா மூடிக்கங்கப்பா” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். பொழுது சாய்ந்ததும் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் கொடுப்பார். தூசி தின்ற தொண்டைக்குப் பழம் சாப்பிட்டால் எல்லாம் வயிற்றுக்கு இறங்கி மறுநாள் வெளியே போய்விடும் என்று மில் வேலைக்காரர்கள் யாரோ அவருக்குச் சொன்னது. ஐந்து வருடம் ஒரு நாள் தவறாமல் வாங்கி வந்தார். நாங்களும் நம்பித் தின்றோம்.

முதலில் வந்தது வறட்டு இருமல். அதை யார் மதித்தார்கள்? எங்கள் தெரு அம்மன் பொங்கலுக்குக் குலவை போடுவதில் நான் பேர் வாங்கியவள். நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில் நான் போடும் குலவை முடிவதற்குள் மற்றவர்கள் இரண்டு முறை மூச்சு வாங்குவார்கள். அந்த வருடம் பானை பொங்கியதும் ஆரம்பித்தேன், பாதியில் அறுந்துவிட்டது. மறுபடி முயன்றேன், இருமல்தான் வந்தது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. பஞ்சு மட்டும் திரும்பிப் பார்த்து, “என்னடி, பாதில விட்டுட்ட?” என்றாள். சளி என்றேன்.

பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. ரவிக்கை எல்லாம் தொளதொளத்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டிபி மாதிரி தெரிகிறது என்றார்கள். சளியில் கிருமி இல்லை. ஆனாலும் படத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறதே என்று ஆறு மாத மாத்திரையை ஆரம்பித்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வாயெல்லாம் கசக்கும். அந்த ஆறு மாதமும் சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார்கள். என் நாத்தனார் எனக்கென்று ஒரு தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள், அதில் நெயில் பாலிஷால் புள்ளி வேறு. பஞ்சு அதைப் பார்த்துவிட்டு, அந்தத் தம்ளரிலேயே தண்ணீர் மோந்து குடித்துவிட்டுப் போனாள். வேண்டுமென்றேதான் செய்தாள்.

மாத்திரை முடிந்தும் மூச்சு திரும்பவில்லை. இன்னும் மோசமானது. கடைசியில் தேனியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சு நோய்ப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி நாட்கள் என்றால் பாதிக்கு மேல் காத்திருப்பதுதான். ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, சீட்டில் முத்திரை வாங்க ஒரு வரிசை. நீளமான அந்த வராந்தாவில் மர பெஞ்சில் உட்கார்ந்து எதிரே போகிறவர்களின் கையில் என்ன படம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். படத்தை உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நல்ல செய்தி இல்லை என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். நானும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நுரையீரலுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, இழுத்துப் பிடித்து முழு பலத்தோடு ஊதச் சொல்வார்கள். எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று கம்ப்யூட்டர் கோடு போடும். அங்கே இருந்த பெண், “ஊதுங்கம்மா, ஊதுங்க, ஊதுங்க, விட்டுறாதீக, இன்னுங் கொஞ்சம்” என்று பிரசவம் பார்க்கிற மாதிரி கத்தினாள். மூன்று முறை ஊதினேன். கோடு எழும்பி உடனே படுத்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. குலவை போட்ட வாய் இது என்று அவளிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்லவில்லை.

தொண்டை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கிற கேமராவால் நுரையீரலுக்குள் பார்த்தார்கள். தொண்டையை மரக்கப் பண்ணிவிடுவதால் வலி இல்லை. ஆனால் மூழ்குகிற மாதிரி ஒரு பயம் வரும். அந்த நேரம் நர்ஸ் ஒருத்தி என் கையை விடாமல் பிடித்திருந்தாள். அவள் முகம் மறந்துவிட்டது, கையின் சூடு ஞாபகம் இருக்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. “என்ன வேலை பாக்கிறீங்க?”

“வேலையெல்லாம் ஒண்ணுமில்ல சார். வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

விறகு அடுப்பா? இல்லை, கேஸ். புறா, கிளி வளர்க்கிறீர்களா? இல்லை. கல் குவாரி, செங்கல் சூளை, பஞ்சு மில்? எதற்கும் போனதில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டாலும் அதே பதில்தான். “வீட்டுல சும்மா இருக்கா சார்.” பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். மணல் சலிப்பது அரிசி புடைப்பது மாதிரி, துணி மடிப்பது மாதிரி. அதை யாராவது வேலை என்று டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? இந்த ஒரு வார்த்தையால் எனக்கு எட்டு மாதம் போனது.

எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சின்ன டாக்டர், மேல்படிப்பு படிக்கிற பையன், தர்மபுரிப் பக்கம். அவருக்குப் பழைய பைக் என்றால் உயிர். என் வீட்டுக்காரர் ஓட்டி வந்த வண்டியை ஸ்டாண்டில் பார்த்துவிட்டு யாருடையது என்று விசாரித்து, என் கட்டிலுக்கே வந்துவிட்டார். அன்று காலை என் ஸ்கேன் முடிவும் அவர் கையில் இருந்தது.

“டேங்க்ல ஒரு சொட்டு துரு இல்லையே. பெயிண்டை எப்படி எடுத்தீங்க? கெமிக்கலா?”

என் வீட்டுக்காரர் வாய் திறந்ததே ஆச்சரியம். மூன்று நாளாக வார்டில் தலை குனிந்து நின்ற மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்ல சார், மணல் அடிச்சது. வீட்டுலயேதான். செட்டு பூராம் நானே பண்ணது. மணல் நைசா இருந்தாத்தான் டேங்க் தகடு குழியாது. கடையில அப்பிடிக் கிடைக்காது சார். இவதான் சலிச்சுத் தருவா. மாவு கெணக்கா இருக்கும். இவ கை பட்டாத்தான் எனக்கு வேலை ஓடும்.”

மணல் சலித்த ஐந்து வருடத்தில் அவர் என்னைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் கையில் இருந்த ஸ்கேன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கள் கட்டிலில் உட்கார மாட்டார்கள்.

“எங்க வச்சுச் சலிப்பீங்கம்மா?”

தார்ப்பாய்க் கொட்டகை, தொங்கு சல்லடை, ஏழு தடவை திரும்பத் திரும்பச் சலித்தது, வாழைப்பழம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்த்து என் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மணலில் சிலிகா என்று ஒன்று இருக்கிறது. கீழே கிடக்கும்வரை அதனால் ஆபத்தில்லை. இரும்பில் வேகமாக மோதி உடையும்போது கண்ணுக்கே தெரியாத தூளாகிறது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் இன்னும் உடைந்து இன்னும் நைசாகிறது. அந்தத் தூளை முந்தானையும் தடுக்காது, ஈரத்துண்டும் தடுக்காது. நுரையீரலின் கடைசிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. காலில் குத்திய முள்ளை எடுக்காமல் விட்டால் சுற்றிச் சதை காய்த்துப்போகும் அல்லவா, அது மாதிரி நெஞ்சுக்குள் ஆயிரக்கணக்கில் காய்த்துப்போகும். சிலிகோசிஸ் என்று பெயர். படத்தில் பார்த்தால் டிபி மாதிரியே தெரியும். உண்மையான டிபியும் இந்த நோய்க்காரர்களைச் சுலபமாகப் பிடிக்கும்.

“வாழைப்பழம் போற வழி வேறம்மா, தூசி போற வழி வேற” என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

“சரியாயிருமா சார்?”

“காய்ச்சுப் போனது போனதுதான்மா. அதைத் திருப்ப மருந்து இல்லை. இனிமே ஒரு துளி தூசி படக்கூடாது. மூச்சுக்கு மருந்து தர்றோம். கூடாமப் பார்த்துக்கலாம்.”

டாக்டர் பேனாவை எடுத்தார். “உங்ககூட வேற யாராவது சலிச்சாங்களா? இருந்தா உடனே படம் எடுக்கணும்.”

“யாருமில்ல சார். நான் மட்டுந்தான்.”

என் வாயிலிருந்துதான் வந்தது. யோசித்துச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் சொன்ன பிறகு மாற்றவில்லை, அதுதான் குற்றம். வராந்தாவிலிருந்து திரும்பி வந்த என் வீட்டுக்காரரிடம் நான் இப்படிச் சொன்னதை ரகசியமாகச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, “தப்புடி” என்று மட்டும் சொன்னார். வற்புறுத்த அவருக்குத் தெம்பு இல்லை.

ஏன் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பஞ்சுவின் புருஷன் கருப்பையா மண்டியில் மூட்டை தூக்குகிறவர், வாய்க்கு முன்னால் கை நீட்டுகிறவர். குழாயடித் தகராறில் ஒருவனைக் கீழே தள்ளிப் பல் உடைத்தவர். இது தெரிந்தால் என் வீட்டுக்காரரைச் சும்மா விடுவாரா என்று பயந்தேன். இது ஒரு காரணம். இன்னொன்று, பஞ்சு வராமல் போய்விடுவாளே என்ற பயம். அதுதான் பெரிய காரணம்.

ஏனென்றால் அவள் தினமும் வந்தாள். மண்டி வேலையை முடித்து, சமைத்து, தூக்குவாளியைக் கூடையில் வைத்து, இரண்டு பஸ் மாறி மத்தியானம் ஒரு மணிக்கு வந்துவிடுவாள். பூண்டு ரசம், கீரைக் கடைசல், ஒரு நாள் நர்சுக்குத் தெரியாமல் கருவாட்டுக் குழம்பு. என் தலையைச் சீவிப் பின்னிவிடுவாள். குளிக்கிற அறையில் நான் நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார, முதுகு தேய்த்துவிடுவாள். என் கூடப் பிறந்தவர்கள் இரண்டு முறை வந்து ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்கள். இவள் வந்துகொண்டே இருந்தாள். மற்ற நோயாளிகள் எங்களை அக்கா தங்கை என்றுதான் நினைத்தார்கள்.

“டாக்டர் என்ன சொன்னாக?” என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு மத்தியானமே கேட்டாள்.

“நெஞ்சுல புண்ணாம். மாத்திரையில ஆறிருமாம்.”

“அதான பாத்தேன். எவளோ கண்ணு வச்சுட்டாடி” என்று சொல்லிக்கொண்டு ரசத்தை ஊற்றினாள்.

அதற்கு மூன்றாவது நாள் அவள் இருமினாள். சின்ன இருமல்தான், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. எடுத்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். “பூண்டுத் தோலு தொண்டையில ஒட்டிக்கிட்டுப் படுத்துதுடி” என்றாள். ஆமாம், பூண்டுத் தோல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாட்டசாட்டமான உடம்பு, மூட்டையைத் தனியாகப் புரட்டுவாள், தினம் பூண்டு தின்பவள், அவளுக்கு என்ன வரும் என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் அவள் வரும்போதே படியில் இருமல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். கேட்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். மறுநாள் அவள் ஏதாவது ஒன்றைப் பக்குவமாகச் சமைத்துக்கொண்டு வந்துவிடுவாள், நானும் சாப்பிட்டுவிடுவேன்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரருக்கும் படம் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. அந்தக் கவசம் காப்பாற்றியிருக்கிறது. படத்தை உறையில் போட்டுக்கொண்டு வந்து என் கட்டிலருகே நின்றார். “ஒண்ணுமில்லையாம்” என்றார், திருடிவிட்டு வந்தவர் மாதிரி. எனக்கு ஒரு கணம் வயிற்றில் பால் வார்த்தது. அடுத்த கணமே, கோயம்புத்தூரிலிருந்து ஒன்று வரவழைத்தவருக்கு மூன்று வரவழைக்கத் தோன்றவில்லையா என்று பற்றிக்கொண்டு வந்தது. அதையும் கேட்டே விட்டேன். அவர் தலைமாட்டில் இருந்த என் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவரை நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

பன்னிரண்டாவது நாள் டிஸ்சார்ஜ். இழுக்கும் மருந்து, அதற்கான குழாய், மாதா மாதம் வரவேண்டிய தேதி எல்லாம் கொடுத்தார்கள். அவர் மருந்துச் சீட்டோடு கீழே வரிசையில் நிற்க, பஞ்சு என் சாமான்களைப் பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். லிப்ட் ஓடவில்லை. சரிவுப் பாதை வழியாக இறங்கினோம். நான் ஆமை மாதிரி வந்துகொண்டிருந்தேன். திருப்பத்தில் முன்னால் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒன்னோட சேந்து எனக்கும் மூச்சு வாங்குதுடி. வயசாகுதுல்ல.”

மூட்டை புரட்டுகிறவள், ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் இறங்க முடியாமல் நிற்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“பஞ்சு, நீ ஒரு படம் எடுக்கணும்.”

“என்ன படம்?”

“நெஞ்சுப் படம். எனக்கு வந்தது அந்த மண்ணாலதான். நாம சலிச்சம்ல, அது உள்ள போயி உக்காந்துக்கிச்சு. ஆறாதாம். கூடச் சலிச்சவுக இருந்தா ஒடனே கூட்டியாங்கன்னு டாக்டர் சொன்னாரு. நான் யாருமில்லன்னுட்டேன்.”

அவள் பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

“எப்பச் சொன்னாரு?”

“வந்து சேந்த நாலாம் நா.”

விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் அவள் கண் எண்ணுவது தெரிந்தது.

“தெனமும் ஒனக்குச் சோறு கட்டிக்கிட்டு வந்தேனேடி” என்றாள்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மயிரைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். பையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, “எங்கன எடுக்கணும்?” என்று கேட்டாள்.

வந்த வழியே மேலே ஏறினோம். இந்த முறை நானும் அவளும் ஒரே வேகத்தில் ஏறினோம். சின்ன டாக்டர் அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அவளுக்கும் அதேதான். என்னுடையதைவிடக் குறைவு. இந்த எட்டு நாளில் ஒன்றும் கூடிவிடவில்லை, இனி தூசி படாமல் இருந்தால் நல்லது என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

கருப்பையா சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் மாலை எங்கள் வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் அடி வாங்கத் தயாராக வெளியே போனார். “அந்த ஆஸ்பத்திரிச் சீட்ட எந்த வரிசையில கொடுக்கணும், மாப்ள? எனக்கு வாசிக்கத் தெரியாதுல்ல” என்று கேட்டுவிட்டு, விவரம் தெரிந்துகொண்டு போனார். தார்ப்பாயைக் கருப்பையாவே அவிழ்த்து எரித்தார். கம்ப்ரசரை என் வீட்டுக்காரர் பஞ்சர் கடைக்குக் கொடுத்துவிட்டார். டேங்குகளைக் கோயம்புத்தூரில், முழுக்க மூடிய எந்திரத்துக்குள் அடிக்கிற இடத்துக்கு அனுப்பி வாங்குகிறார்.

படிக்கிறவர்களுக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். மணலை வைத்து வீட்டில் அடிக்காதீர்கள். அடித்த மணலைச் சலிக்கவே சலிக்காதீர்கள். டாக்டர் என்ன வேலை என்று கேட்டால், வீட்டில் செய்கிற எல்லாவற்றையும் சொல்லுங்கள். கூட யார் இருந்தார்கள் என்று கேட்டால் அவர்கள் பேரைச் சொல்லுங்கள்.

எனக்கும் பஞ்சுவுக்கும் மாதத்தில் ஒரே நாளில்தான் ஆஸ்பத்திரி. ஒரே பஸ். அவள் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் கூடையை வைத்துக்கொள்வாள். நான் இரண்டு வரிசை பின்னால் உட்காருவேன். அவள் என்னோடு பேசி மூன்று மாதமாகியிருந்தது. நானும் வலியப் போய்ப் பேசவில்லை, என்ன என்று பேச?

போன முறை பெரியகுளம் தாண்டியதும் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். நான் கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் என் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். அவள் நிமிர்ந்து யாரென்று பார்த்தாள். வாங்கினாள். இரண்டு மடக்குக் குடித்தாள், இருமல் அடங்கும்வரை காத்திருந்து இன்னொரு மடக்குக் குடித்தாள். பிறகு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தாள்.

“திரும்பி வர்ற வரைக்கும் ஒனக்குக் காணுமாடி இது?” என்றாள்.

காணும் என்றேன். அவள் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.